வெல்டிங்குக்குத் தமிழ் பற்றாசா?

"கிராங்க்ல ஜர்னல் தேஞ்சு போச்சுண்ணே. பத்தவெச்சுக் கடைஞ்சு குடுத்துருவீங்களா?"

லேத் பட்டறைக்கு இன்ஜின் வேலை வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். கிராங்க் என்பது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைவுத் தண்டு. ஜர்னல், அது பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் உருளைப் பகுதி. இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்கள். 'பத்தவெச்சு' மட்டும் வீட்டுச் சொல். 'வெல்டு வைக்கிறது' என்பவர்களும் உண்டுதான். ஆனால் 'பத்தவைக்கிறது' இன்னும் சாகவில்லை.

இதைப் பார்த்துவிட்டு, வெல்டிங்குக்குத் தூய தமிழ் 'பற்றாசு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பற்று + ஆசு = பற்றாசு. ஆசு என்றால் குற்றம் என்பதுதான் நமக்குப் பழகிய பொருள். இது வேறு ஆசு. பொற்கொல்லர் இரண்டு பொன் துண்டுகளை இணைக்க, நடுவில் வைத்து உருக்கும் பொடிக்கு இந்தப் பெயர். வெங்காரத்தை (போராக்ஸ்) தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதினால் பொடி மட்டும் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடியும் இந்தப் பட்டறைப் பொடிதான் என்று நினைக்கிறேன்; மூக்குப்பொடி அல்ல.

யாப்பு படித்தவர்களுக்கு ஆசு இன்னொரு இடத்திலும் தெரிந்திருக்கும். நேரிசை வெண்பாவில் முதற்குறளும் (முதல் ஏழு சீர்) அதையடுத்து வரும் தனிச்சொல்லும் ஒட்டாமல் நின்றால், இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து ஒட்டவைப்பார்கள். அந்த அசைக்குப் பெயர் ஆசு. பாட்டுக்குப் பெயர் ஆசிடை நேரிசை வெண்பா. தட்டார் பட்டறைச் சொல் இலக்கணத்துக்குள் போயிருக்கிறது.

இரண்டு இடத்திலும் ஆசு என்பது இடையில் வைக்கிற பொருள். செய்கிற வேலைக்கு அது பெயரில்லை. போதாததற்கு, பற்றாசு வைக்கும்போது பொன் துண்டு உருகாது. வெல்டிங்கில் அடி உலோகமே உருகிக் கலக்கும். ஆங்கில 'வெல்டு'க்கு மூலமான 'வெல்' என்ற சொல்லிலேயே கொதித்துப் பொங்குவது என்ற பொருள் இருக்கிறது. நம் 'பற்று'க்குப் பிடித்துக்கொள்வதும் பொருள், தீப்பிடிப்பதும் பொருள். மின்பொறியைக் கிளப்பி இரும்பை இரும்போடு பிடிக்கவைக்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினை ஏது? ஆகவே வேலை பற்றவைப்பு, செய்பவர் பற்றவைப்பாளர். அடுப்பையும்தானே பற்றவைக்கிறோம் என்று கேட்கலாம். பட்டறையில் நின்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை.

பற்றாசு என்ற சொல்லை வெல்டிங் ராடுக்குக் கொடுத்துவிடலாம்: பற்றாசுக்கோல். இடையில் உருகிச் சேர்வது அதுதானே.

எல்லா ஆசும் எல்லா உலோகத்தையும் பற்றாது. கோலின் பிடிப்பக்கம் ஓர் எண் அச்சிட்டிருக்கும். கேட், கிரில் வேலைக்கு 6013. பலம் வேண்டிய இடத்துக்கு 7018. அதில் 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதன் சுருக்கம். இந்தக் கோல் ஈரம் பட்டால் வீண். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வேலை முடிந்து மறுநாள்கூட விரிசல் விடவைக்கும். அதனால் அடுப்பில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் காயவைத்துச் சூட்டோடு எடுப்பார்கள். 304 என்ற ரக எவர்சில்வருக்கு 308எல் கோல். எவர்சில்வரைச் சாதா இரும்போடு சேர்க்க 309எல். வார்ப்பிரும்புக்கு நிக்கல் கோல். அதையும் நீளமாக இழுக்கக்கூடாது. ஓர் அங்குலம் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறவிட்டு, அடுத்த அங்குலம்.

கிராங்கில்தான் சிக்கல். அது அடித்து உருவாக்கிய எஃகாகவும் இருக்கும், வார்த்ததாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல. சாணைக்கல்லில் ஓரமாக ஒரு தொடு தொட்டால் எஃகு நீளமாக, கிளைகிளையாகப் பொறி விடும். வார்ப்பு கல்லை ஒட்டியே மங்கிய சிவப்பில் குட்டையாக விடும். எஃகானாலும் அதில் கரி (கார்பன்) கூடுதல் என்பதால், முன்சூடு ஏற்றாமல் பற்றவைத்தால் பக்கத்து இரும்பு கண்ணாடிபோல் விறைத்து, வளைவு மூலையில் வெடிக்கும். தேய்ந்த ஜர்னலை நிரப்பிச் சாணை பிடிக்கலாம். ஒடிந்த கார் கிராங்கை ஒட்டித் தரச் சொன்னால் நல்ல மேஸ்திரி கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் இந்தக் கலையே ஒரு கிராங்கில்தான் பேரெடுத்தது. ரஷ்யாவின் பெர்ம் பீரங்கி ஆலையில் 1888இல் நிகோலாய் ஸ்லாவ்யானவ், உருகும் உலோகக் கோலை வைத்து ஒரு நீராவி இன்ஜினின் கிராங்கைப் பற்றவைத்துக் காட்டினார்.

கிராங்க்ஷாஃப்டுக்கு 'வணரித்தண்டு' என்ற சொல் உண்டு. வணர் என்றால் வளைவு. புறநானூற்றில் பாணன் தழுவிக்கொள்வது 'வணர்கோட்டுச் சீறியாழ்', வளைந்த கோட்டை உடைய சிறிய யாழ். அழகான சொல்தான். உதிரிபாகக் கடையில் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்ப்பார்கள். 'பத்தவைக்கணும்' என்றால் மட்டும் எந்தப் பட்டறையிலும் விளக்கம் கேட்கமாட்டார்கள். என்ன இரும்பு என்றுதான் கேட்பார்கள்.