பேஷன்ட் லிஃப்ட்: தூக்குவதற்கு முன் இறக்கப் பழகுங்கள்

பக்கவாதத்தாலோ முதுகுத்தண்டில் அடிபட்டோ படுக்கையில் இருப்பவரைத் தூக்க, இப்போது பல வீடுகளில் பேஷன்ட் லிஃப்ட் வாங்குகிறார்கள். சக்கரம் வைத்த கால்களும் ஒரு கம்பமும் அதிலிருந்து நீளும் கையும் கொண்ட, ஆளைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டு இடம் மாற்றும் கருவி அது. வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டான எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அக்குளில் கை கொடுத்து இழுத்து, செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு நழுவிப்போனவர்களைப் பார்க்கிறேன். தூக்கித் தூக்கியே இடுப்பு பிடித்துப்போன மருமகள்களையும் பார்க்கிறேன். ஆனால் லிஃப்டைக் கொண்டுவந்து மாட்டித் தருபவர், ரிமோட்டில் ஏற்றும் பொத்தானையும் இறக்கும் பொத்தானையும் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று பெரும்பாலும் காட்டுவதில்லை. நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"மேலயும் போகல, கீழயும் வரல, அம்மா பயந்து அழறாங்க" என்று ஒரு மகன் போன் செய்தார். "கம்பத்துல இருக்கிற சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கா பாருங்க" என்றேன். அமுங்கித்தான் இருந்தது. ஸ்லிங்கை, அதாவது ஆளைத் தாங்கும் அந்தத் துணித் தொட்டிலை, மாட்டும்போது யாருடைய முழங்கையோ பட்டிருக்கிறது. அதன் மேலிருந்த அம்புக்குறிப் பக்கம் திருகியதும் வெளியே வந்தது, அம்மாவை இறக்கிவிட்டார்கள். லிஃப்ட் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொத்தானை. அடுத்து ரிமோட் ஒயர் கழன்றிருக்கிறதா, பேட்டரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் அசையவில்லையா? பெரும்பாலான மின் லிஃப்ட்களில், லிஃப்டின் கையை ஏற்றி இறக்கும் தண்டிலேயே சிவப்பு வளையமோ குமிழோ இருக்கும். சிலவற்றில் மேலே இழுக்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். ஆளின் எடையிலேயே மெல்ல இறங்கும். கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் லிஃப்டில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் ஆள் தொப்பென்று விழுவார். உங்கள் லிஃப்டில் எது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். வீட்டில் திடமான ஒருவரை ஸ்லிங்கில் உட்காரவைத்து, கட்டிலுக்குச் சற்று மேலே நிறுத்தி, அந்த வழியில் இறக்கிப் பாருங்கள். இரவில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வந்தால் அவரும் செய்து பார்க்க வேண்டும். பேட்டரியை இரவில் சார்ஜ் போடுங்கள். ஆள் தொங்கும்போது போடவே கூடாது.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை பாக்ஸ் கட்டில். அடியில் இழுப்பறை இருப்பதால் லிஃப்டின் கால்கள் உள்ளே போகாது. எட்டாத தூரத்தில் நின்று தூக்கினால் லிஃப்ட் சாயும். அடியில் இடைவெளி உள்ள கட்டில் வேண்டும். தூக்கும்போது லிஃப்டின் கால்கள் முழுக்க விரிந்திருக்கட்டும். பூட்ட வேண்டியவை கட்டில், வீல்சேர் சக்கரங்கள். லிஃப்டின் சக்கரத்தைத் தூக்கும் நேரத்தில் பூட்டக் கூடாது என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எடைக்கு நேராக அது தானே நகர்ந்துகொள்ள வேண்டும். நிலைப்படி தாண்டி ஆளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

ஸ்லிங்கின் காதுகளை, அதாவது கொக்கியில் மாட்டும் நிற வளையங்களை, இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் மாட்டுங்கள். தையல் பிரிந்திருந்தால் ஸ்லிங்கை அன்றே தூக்கிப் போடுங்கள், விலை எவ்வளவானாலும். யூரின் பையைக் கட்டில் கம்பியிலிருந்து கழற்றிவிட்டீர்களா? மறந்தால் குழாய் இழுபட்டு ரத்தம் வரும். முதலில் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தி, எல்லாக் காதுகளும் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மேலே ஏற்றுங்கள். இரண்டு பேர் இருப்பது நல்லது. ஒருவர் ஸ்லிங்கில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருக்கட்டும்.

முகம் வெளிறி வியர்த்தால், வலிப்பு வந்தால், பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் உடனே இறக்கி, வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தீப்பிடித்தால் லிஃப்டைத் தேடாதீர்கள். போர்வையில் கிடத்தித் தரையோடு இழுத்து வெளியே கொண்டுபோங்கள்.

கீழே விழுந்தவரையும் அவசரப்பட்டு லிஃப்டில் மாட்டாதீர்கள். கழுத்து வலி, தலையில் அடி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், தலையில் அடி சின்னதாகத் தெரிந்தாலும் போனில் அதைச் சொல்லிவிடுங்கள்.