சலித்துப்போனதை விட்டுவிட்டதாக எண்ணாதீர்கள்

செல்போன் விளையாட்டு சலித்து விட்டுவிட்டதாக நினைத்த பிள்ளை மறுபடி அதில் விழுந்து, டாக்டரான என்னிடம் வருவது இந்த ஜூலையில் மட்டும் இது நான்காவது. குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு 20 வயது, விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு வருடத்துக்கு முன் பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போனில் விளையாடி விளையாடி ராத்தூக்கம் கெட்டு என்னிடம் வந்தவன்தான். மூன்று முறை வந்தான், அப்புறம் வரவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால், "அவனுக்கே சலிச்சுப் போச்சு சாரே, தொடவே மாட்டேங்கான், அதான் கூட்டிட்டு வரல்ல" என்கிறார் அம்மா.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகு கரையில் நின்றுவிட்டது. பத்தாவது நாள் பழைய கூட்டாளி ஒருவன் "ஒரு மேட்ச் வாலே" என்று கூப்பிட்டிருக்கிறான். இப்போது தினமும் விடியற்காலை நான்கு மணி வரை விளையாட்டு. அம்மா சீட்டுக்கென்று வைத்திருந்த பணத்தில் 11,000 ரூபாய், அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் யூ.சி. என்ற காசை வாங்கப் போய்விட்டது.

"சலிச்சுப் போச்சு" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆயாசமாக இருக்கிறது. சலிப்பது வேறு, விடுவது வேறு. தினமும் மத்திமீன் குழம்பு வைத்தால் சலிக்கத்தான் செய்யும். அதற்காகப் பசி போய்விடுமா? உங்கள் பையனுக்குச் சலித்தது அதே மேப், அதே துப்பாக்கி, அதே தோல்வி. அந்த விளையாட்டில் அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூட்டு, பாராட்டு, வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்கும் இடம், இவை எதுவும் சலிக்கவில்லை. அவற்றுக்கு வேறு வழியும் நீங்கள் செய்து கொடுக்கவில்லை. புது மேப் வந்தால் சலிப்புக்கான காரணம் போய்விடும், பசி அப்படியே இருக்கும்.

இந்தப் பையன் கடலில் 30, 40 நாள் இருந்தபோது விளையாட்டின் நினைப்பே வரவில்லை என்கிறான். நான் நம்புகிறேன். அங்கே சிக்னல் இல்லை, கூப்பிட ஆள் இல்லை, வேலை முடிந்தால் உடம்பு அடித்துப்போட்டதுபோல் தூங்கும். குடிநோயில் நாங்கள் பார்ப்பதும் இதுதான். தவக்காலம் முழுவதும் தொடாதவர் உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்குவார், மாலை போட்ட 41 நாளும் சுத்தமாக இருந்தவர் மாலையைக் கழற்றிய அன்றே தொடங்குவார். அந்த நாட்கள் பொய்யல்ல, அவர்களுடைய உறுதியும் பொய்யல்ல. ஆனால் கூப்பிடும் குரல் இல்லாத இடத்தில் போகாமல் இருந்ததை வைத்து, கூப்பிட்டாலும் போகமாட்டான் என்று கணக்குப் போடக்கூடாது.

பப்ஜி 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தடை ஆனபோது, "கவர்மெண்டே முடிச்சு வச்சிட்டு டாக்டர்" என்று என் அறையில் கண் கலங்கிய அப்பாக்கள் உண்டு. 2021 ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகளில் சிலர் என்னிடம் திரும்பி வந்தார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். அப்பாவின் பெயரிலும் எண்ணிலும் கணக்குத் தொடங்கிய பிள்ளையை அந்த விதி எப்படிப் பிடிக்கும்?

இதைப் படித்துவிட்டு, விடுமுறையில் ஒரு வாரம் விளையாடிய பிள்ளையை "அடிக்ட்" என்று இழுத்துக்கொண்டு வராதீர்கள். திரும்பிப் போகும் பலர் இரண்டு வாரம் ஆடிவிட்டு அவர்களாகவே நிறுத்துவார்கள், அது நோயல்ல. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு நோய் என்று ஒன்று இருப்பது உண்மைதான். கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்ந்து, படிப்பும் வேலையும் உறவும் கெட்டுப்போகிற நிலை அது. பொதுவாக அது 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுத நான் அவசரப்படுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளையாட்டு மட்டும் சலித்ததா, எல்லாமே சலித்ததா? நண்பர்கள், சாப்பாடு, கிரிக்கெட் என்று எதிலும் ஆசையில்லாமல் பையன் சுருண்டு கிடந்தால், விளையாட்டை விட்டுவிட்டான் என்று சந்தோஷப்படாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சலித்துக் கிடக்கும் காலம்தான் வேலை செய்ய நல்ல நேரம், அதை வீணாக்காதீர்கள். ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது. அவனுடைய லெவல், துப்பாக்கிக்கும் ஆளுக்கும் போடும் அலங்காரமான ஸ்கின் எல்லாம் அப்படியே காத்திருக்கும். பல விளையாட்டுகளில் திரும்பி வருகிறவருக்கென்று தனிப் பரிசும் உண்டு. அதனால் அவன் மனதோடு, அவன் கையாலேயே கணக்கை நீக்கச் சொல்லுங்கள். திருட்டுத்தனமாக நீங்கள் நீக்கினால் புதுக் கணக்கு வரும், கூடவே பகையும் வரும். உங்கள் யூ.பி.ஐ. பின் பிள்ளைக்குத் தெரியுமா? இன்றே மாற்றுங்கள். போனில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை எடுத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் படுக்கைக்கு வரக்கூடாது, உங்கள் போனும்தான்.

தடைக்காலம், பரீட்சை லீவு, மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் வாரங்கள், இவை வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் கடற்கரையில் தூத்தூர் பக்கம் மாலையானால் பந்து உதைக்காத பிள்ளை உண்டா? அந்த நாட்களில் உங்கள் பையன் எங்கே, யாரோடு இருப்பான் என்பதை இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசி வையுங்கள்.

திரும்பத் தொடங்கிவிட்டானா? போனை உடைக்காதீர்கள். "மறுபடியுமா" என்று ஊருக்குக் கேட்கக் கத்தாதீர்கள். முதல் வாரத்திலேயே "யார் மக்கா கூப்பிட்டா?" என்று கேளுங்கள். கையாள முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

இந்தப் பையனிடம் நான் அதைத்தான் கேட்டேன். கூப்பிட்டவன் பெயரைச் சொன்னான், பிறகு வெகுநேரம் பேசினான். ஜூலை 31 அன்று தடை முடியும், அவன் கடலுக்குப் போவான், விளையாட்டு தானாக நிற்கும். "அப்போ சரியாயிடும் இல்லியா சாரே?" என்று கேட்டார் அம்மா. படகு கரைக்கு வந்த மறுநாளே அவனை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.