தாழ்வாரத்தில் தாழ்வது எது?

சென்ற வாரம் ஒரு வீட்டு வரைபடத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன். மேற்குப் பார்த்த மனை. முன்னால் 6 அடி அகல வராந்தா. அதன் கூரை விளிம்பு 11 அடி உயரத்தில் நிற்க வேண்டுமாம். "கம்பீரமாக இருக்கட்டுமே சார்" என்றார் வீட்டுக்காரர். கூடவே பூ வேலைப்பாட்டோடு ஒரு கிரில்.

வராந்தா என்றதும் பலருக்கும் கிரில்தான் நினைவுக்கு வருகிறது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்பானிய மொழியில் 'பராந்தா' என்றால் இன்றும் கைப்பிடிக் கிராதிதான். போர்த்துகலில் 'வராந்தா' என்பது பால்கனி. கழியைக் குறிக்கும் 'வாரா'தான் வேர் என்று ஒரு கருத்து. வடமொழியிலிருந்து போன சொல் என்போரும் உண்டு. ஆனால் 1498இல் வாஸ்கோ ட காமாவோடு கோழிக்கோட்டுக்கு வந்த பயணத்தின் நாட்குறிப்பிலேயே இந்தச் சொல் வெகு இயல்பாக வருகிறது. கப்பலை விட்டு இறங்கிய கையோடு கற்ற சொல் அப்படி வந்து விழாது. ஊரிலிருந்து கொண்டுவந்தது என்பதே என் கட்சி.

நம் சொல் கிராதியைக் கண்டுகொள்ளவே இல்லை, கூரையைப் பார்க்கிறது. தாழ்வாரம்: தாழ்ந்து இறங்கும் சரிவு. மலை அடிவாரத்தில் இருக்கும் அதே வாரம்தான். முற்றத்து வீடுகளில் ஓட்டுக்கூரை நெற்றி வரை இறங்கி வந்து நிற்பது இதனால்தான். மரம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலையல்ல அது.

கணக்கு எளிது. பிற்பகல் வெயில் எதிரே 45 பாகையில் விழுகிறது என்று வையுங்கள். விளிம்பு 7 அடியில், அகலம் 6 அடி என்றால் சுவரின் கடைசி ஓர் அடி மட்டும் சுடும். விளிம்பை 11 அடிக்கு ஏற்றினால் ஜன்னலோடு சேர்த்து 5 அடி சுவர் காயும். சாரல் மழைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பிறகு அந்தக் கிரில்லில் பச்சை வலை கட்டுவார்கள், அடுத்த கோடைக்குள் கண்ணாடி போட்டு அடைப்பார்கள். வராந்தா இன்னோர் அறையாகிவிடும், அதற்கும் ஒரு ஏ.சி.

இதையெல்லாம் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். "7 அடியென்றால் தலை இடிக்காதா?" என்றார். அலுவலகக் கதவைக் காட்டினேன். அதுவும் 7 அடிதான்; அவர் நிமிர்ந்தபடிதான் உள்ளே வந்திருந்தார்.