சின்ன எஸ்எஸ்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மேல்மாடி அக்கா பலகார ஆர்டர் கணக்கையெல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில்தான் வைத்திருக்கிறார். அதைத் திறந்து உயிர் வருவதற்குள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். "புதுசு வேண்டாம் தம்பி, இதையே சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டால் போதும். அவர் வேலைக்கு 250 ஜிபி தாராளம். சனிக்கிழமை, சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனோம். கடைக்காரர் ஒரே கொள்ளளவில் இரண்டை எடுத்து வைத்தார். விலை மட்டும் வேறு. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அக்கா.

ஒன்றில்லை. எஸ்எஸ்டிக்குள் இருப்பது சில்லுகள். அவற்றில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள், ஒவ்வோர் அறையையும் சுற்றி மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர். அறைக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் நின்ற பிறகும் எளிதில் வெளியே வராது. அதுதான் நினைவகம். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய நுட்பம் இது. இன்று நம் உட்லண்ட்ஸிலேயே மைக்ரான் ஆலையில் இந்தச் சில்லுகள் தயாராகின்றன.

ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். அதே சொம்பில் 16 கோடு கிழித்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கேட்டால்? கொஞ்சம் கசிந்தாலும் விடை தப்பு. எலெக்ட்ரான்களின் அளவும் அப்படித்தான். கடைக்காரர் காட்டிய இரண்டில் ஒன்று டிஎல்சி வகை: ஓர் அறைக்கு 3 பிட், அதாவது 8 நிலைகள். மற்றது கியூஎல்சி: 4 பிட், 16 நிலைகள். எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவர் வழியாகத்தான் போய் வருகின்றன; ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் நைந்துபோகிறது. நெருக்கமாகக் கோடு கிழித்த கியூஎல்சியால் அந்தத் தேய்மானத்தை அதிகம் தாங்க முடியாது. அதனால் சின்ன எஸ்எஸ்டி என்றால் டிஎல்சிதான் வாங்க வேண்டும் என்பேன்.

சின்னது என்றாலே அறைகள் குறைவு, ஒவ்வோர் அறைக்கும் வேலை அதிகம். சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டியில் 250 ஜிபிக்கு 150 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது 1,000 ஜிபி) வரை எழுத உத்தரவாதம். 500 ஜிபிக்கு 300. பயப்பட வேண்டாம், நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 150 டெராபைட்டை எட்ட 20 வருடம் ஆகும். இந்த எண்ணைச் சொல்லாத பெட்டியை நான் வாங்குவதில்லை.

இன்னொன்று, காலி இடம். எஸ்எஸ்டியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான். வேண்டிய பக்கங்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் தொகுதியை அழிக்க முடியும். சாமான் நிறைந்த ஈரறை வீட்டில் ஓர் அலமாரியை நகர்த்திப் பாருங்கள்: நாலு பொருளைத் தூக்கி வைக்காமல் நடக்காது. எஸ்எஸ்டி நிரம்பிவிட்டாலும் அதே கதைதான். நாம் எழுதுவது கொஞ்சம், உள்ளே எழுதப்படுவது பல மடங்கு. வேகமும் குறையும், ஆயுளும் குறையும்.

நம் ஊர் வெப்பத்தையும் யோசிக்க வேண்டும். ஆயுள் முழுக்கத் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பது, சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. சூடு ஏறினால் கசிவும் ஏறும். ஏர்கான் இல்லாத அறையின் அலமாரி இங்கே சாதாரணமாகவே 30 டிகிரி. குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்காக மூடி வைக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் பல நேரம் கரகரவென்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் ஒரு காலையில் காணாமல் போகலாம். அக்காவுக்கு டிஎல்சியையே வாங்கி மாட்டினேன், 50 ஜிபியைத் தொடாமல் விட்டேன். கழற்றிய ஹார்ட் டிஸ்க் இப்போது ஒரு யுஎஸ்பி உறைக்குள் இருக்கிறது. ஞாயிறுதோறும் கடையை எடுத்து வைத்த பிறகு அக்கா அந்த வாரக் கணக்கை அதில் நகல் எடுக்கிறார்.