டி1 என்று எழுதினால் போதுமா? பிளானில் கதவுக்கும் திறப்புக்கும் பெயரிடும் முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த வீட்டுப் பிளானை விரித்தாலும் கதவருகே டி, டி1, டி2 என்றும் ஜன்னலருகே டபிள்யூ என்றும் குளியலறை வென்டிலேட்டருக்கு வி என்றும் போட்டிருக்கும். கொத்தனார் சுவரில் இடம் விடுவதும் ஆசாரி அயனியிலோ தேக்கிலோ நிலை அறுப்பதும் இதை நம்பித்தான்.

பிளான் வரையும் மென்பொருளில் இந்த எழுத்தைக் கையால் தட்டிவிடலாம். ஆனால் நாளை டி1 அகலம் குறைந்தால் எழுத்துக்கு அது தெரியாது. கட்டடத்தையே மாதிரியாக உருவாக்கும் ரெவிட் போன்ற மென்பொருளில் உள்ள டேக் (பெயர்க்குறி) வேறு வகை. அதற்கென்று சொந்தச் செய்தி எதுவும் கிடையாது; கதவுக்குள் பதிந்திருக்கும் தகவலைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். ஓரத்தில் வரும் கதவுப் பட்டியலும் அதே தகவலைத்தான் படிக்கிறது. அதனால் கதவை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும்.

எதைப் படிக்கச் சொல்கிறோம் என்பதில்தான் முதல் சிக்கல். ‘டைப் மார்க்’ ஒரே வகைக் கதவுகள் எல்லாவற்றுக்கும் பொது. ‘மார்க்’ ஒவ்வொரு கதவுக்கும் தனி எண். ரெவிட்டோடு வரும் கதவு டேக் வழக்கமாக மார்க்கைப் படிக்கும். ஜன்னல் டேக் டைப் மார்க்கைப் படிக்கும். டி1 வரும் என்று காத்திருந்தால் 1, 2, 3 என்று வருவது இதனால்தான். டேக்கின் ஃபேமிலியை, அதாவது அதன் மூல வடிவக் கோப்பைத் திறந்து, எதைக் காட்டவேண்டும் என்று சொல்லும் லேபிளில் மார்க்கை எடுத்துவிட்டு டைப் மார்க்கை வைத்து, மறுபடி புராஜெக்டில் லோட் செய்தால் சரியாகும். பிறகு ‘டேக் ஆல்’ கொடுத்தால் அந்தப் பிளானில் உள்ள கதவுகளுக்கெல்லாம் ஒரே தடவையில் பெயர் விழும். வீட்டுக்கு வகைப் பெயர் போதும். பூட்டும் திறக்கும் பக்கமும் கதவுக்குக் கதவு மாறும் மருத்துவமனைக்குத் தனி எண்ணும் வேண்டும்.

கதவில்லாத திறப்பு இன்னொரு தலைவலி. ‘வால் ஓப்பனிங்’ கருவியால் வெட்டிய ஓட்டைக்கு ரெவிட்டில் டேக் ஒட்டாது, பட்டியலிலும் அது வராது. கதவு ஃபேமிலியில் பலகையையும் நிலையையும் நீக்கிவிட்டு, ஓட்டை மட்டும் வெட்டுகிற ஒன்றாக வைத்து ஓ1 என்று பெயரிடுவது நல்லது. ஆனால் அதுவும் கதவுக் கணக்கில் ஏறிவிடும். வாசல் எண்ணிக்கை இரட்டைப்படையில் வேண்டும் என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் பட்டியலைக் காட்டும் முன் ஓ வகையை வடிகட்டிவிடுங்கள்.

அடுத்து, பட்டியலில் எழுதும் 900 எதன் அகலம்? சுவர் திறப்பா, நிலையா, கதவுப் பலகையா? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4021 மர நிலைகளுக்கு இதைப் பிரித்தே சொல்கிறது. 9 டிஎஸ் 21 என்ற ஒற்றைப் பலகைக் கதவுக் குறியீடு என்றால் திறப்பு 900 × 2100 மி.மீ., நிலை 890 × 2090, பலகை 800 × 2005. நிலையின் கால் ஒவ்வொன்றும் 60 மி.மீ.; ஆகவே ஆள் நுழைய மிஞ்சுவது 770தான். பலகை பதிய இருபுறமும் 15 மி.மீ. பள்ளம் வெட்டுவதால் பலகை 800 ஆகிறது. நம்மூரில் 900ஐ வாயால் சொல்லும்போது ‘மூணடி’ ஆகிவிடும். மூன்றடி என்பது 914 மி.மீ. அந்த அளவில் செய்த நிலை 900 ஓட்டைக்குள் போகாது. கொத்தனார் சுவரைக் கொத்த வேண்டிவரும். எனவே பட்டியலில் திறப்பு, நிலை, பலகை என மூன்று பத்தி போட்டு, அடி அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். மரம் இரண்டு பருவமழையிலும் ஊதும். பலகையைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியையும் குறிப்பாகச் சேர்க்கலாம்.

ரெவிட்டில் டேக் அது ஒட்டப்பட்ட காட்சிக்கு (வியூ) மட்டுமே சொந்தம். பிளானை நகலெடுக்கும்போது ‘வித் டீட்டெய்லிங்’ தேர்வு செய்யாவிட்டால் கதவுகள் வரும், பெயர்கள் வராது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், அட்ரிபியூட் (எழுத்துத் தகவல்) உள்ள பிளாக்கை, அதாவது ஒரே பொருளாகச் சேர்த்த வடிவத்தை, எக்ஸ்புளோடு செய்து பிரித்தால் டி1 என்ற மதிப்பு போய், அந்தத் தகவலுக்கு வைத்த வெறும் தலைப்புப் பெயர்தான் நிற்கும். அங்கே எழுத்தளவையும் கணக்கிட்டுப் போடவேண்டும்: தாளில் 2.5 மி.மீ. உயரம் வேண்டுமானால் 1:100 பிளானில் 250, 1:50 பிளானில் 125.

ஒரு கதவை நீக்கினால் அதன் எண் காலியாகும். பட்டியல் ஆசாரி கைக்குப் போன பிறகு அந்த இடைவெளியை நிரப்ப மற்ற எண்களை நகர்த்தக் கூடாது. அவர் அறுத்து வைத்த நிலைகளில் பழைய எண்தான் இருக்கும்.