ப்ளர் போட்டாச்சு, சரி. அம்மாவின் முகம்?

"ப்ளர்தான் போட்டாச்சே, அப்புறம் என்ன?" இந்த மாதமும் ஒரு இயக்குநர் கேட்டுவிட்டார். பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியைப் பற்றிய ஆவணப்படம். சிறுமியின் முகம் மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அழும் அம்மாவோ பளிச்சென்று க்ளோசப்பில். ஒளிப்பதிவு பிரமாதம், அதில் குறையே இல்லை.

படத்தொகுப்பாளனாகக் கேட்கிறேன்: அந்த ப்ளர் யாருக்காக? எங்கோ சென்னையில் படம் பார்ப்பவருக்கு முகத்தைக் காட்டினாலும் அந்தப் பிள்ளை யாரென்று தெரியப்போவதில்லை. தெரியக் கூடாதது அந்த ஊர்க்காரர்களுக்கு. டீக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், குற்றவாளியின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு முகம் எதற்கு? நடை போதும். சீருடையின் நிறம், வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர், பின்னால் தெரியும் கோபுரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல். குரலைக் கட்டையாக்கி வைத்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்கள். கட்டையாக்கியதைத் திரும்ப ஏற்றினால் கிட்டத்தட்ட பழைய குரலே வந்துவிடும். இலவச மென்பொருளிலேயே செய்யலாம். வேறொருவரைப் பேச வையுங்கள்.

சட்டமும் முகத்தோடு நிற்கவில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடுக்குகிறது. அடையாளம் தெரியவரும் வேறெந்தத் தகவலும் கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை. "அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று தாளை நீட்டாதீர்கள். அனுமதி தர வேண்டியது சிறப்பு நீதிமன்றம். அதுவும் குழந்தையின் நலனுக்காக என்றால் மட்டும். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலும், குடும்பமே சம்மதித்தாலும், பெயரை இஷ்டத்துக்கு வெளியிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் எடிட்டிங்கில் சரிசெய்யலாம் என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள். பிள்ளை சட்டென்று திரும்பினால் ப்ளர் இரண்டு மூன்று ஃப்ரேம் நழுவும். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் அவசரத்தில் அது யார் கண்ணிலும் படாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு ஃப்ரேம் போதுமே. அதனால் முகம் கேமராவுக்குள் வராமலே எடுங்கள். வெளிச்சம் பிள்ளைக்குப் பின்னால் இருக்கட்டும். கையை மட்டும் காட்டுவதானால் பச்சை குத்தியது, தழும்பு, வளையல் கவனியுங்கள். வீடு, தெரு, பள்ளி வேண்டாம். வேறு ஊரில் எடுத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலில் உண்மைப் பெயர் தங்கிவிடுகிறது, கோப்பின் பெயரிலும்தான். மூலப்பதிவு இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை நண்பர்களுக்குள் சுற்றவிடாதீர்கள், தயவுசெய்து.

முடித்ததும், அந்த ஊரை நன்றாகத் தெரிந்த, குடும்பம் நம்புகிற ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். வழக்கு நடத்தும் வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ இருந்தால் நல்லது. எந்த இடத்தில் அடையாளம் தெரிகிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். டிரெய்லரையும் தம்ப்நெயிலையும் சேர்த்தே காட்டுங்கள். படத்தில் மறைத்த முகத்தைத் தம்ப்நெயிலில் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே யூடியூபில் போட்டுவிட்டவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள். திருத்திய பிரதியைப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். பழைய வியூஸ் போனால் போகட்டும்.