இலைச்சாற்றை விதைக்குக் கொடுக்குமுன் வேரில் சோதியுங்கள்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, வயலின் ஈரத்தை நம்பி உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். மண் காய்ந்து வெடிப்பதற்குள் வேர் கீழே இறங்கியாக வேண்டும். அதனால்தான், முருங்கை இலைச்சாற்றில் விதையை ஊறவைக்கலாமா என்று கேட்கும் உழவர்களிடம், முதலில் அந்தச் சாற்றைச் சோதித்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

இயற்கையானது என்பதாலேயே ஒரு சாறு தீங்கற்றதாகிவிடாது. பார்த்தீனியச் செடியிலுள்ள ‘பார்த்தீனின்’ என்னும் வேதிப்பொருள் பிற செடிகளின் விதை முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் ஒடுக்கும். முருங்கை இலையில் சியாட்டின் என்னும் வளர்ச்சி ஊக்கி உண்டு; ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்கு நீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் அந்த வகை ஊக்கிகளே செறிவு மிகுந்தால் வேர் நீள்வதைத் தடுத்துவிடும். ஆகவே எந்த இலை என்பதோடு, எவ்வளவு நீர்த்தது என்பதும் முக்கியம்.

1938இல் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இன்றும் ஆய்வகங்களில் நச்சுச் சோதனைக்குப் பயன்படுகிறது. வெங்காய உயிரணுவில் இருப்பவை 16 பெரிய குரோமோசோம்களே என்பதால், அவற்றின் சிதைவு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தின் காய்ந்த வேர்களை, அடிவட்டம் சிதையாமல் சுரண்டி நீக்கி, அடிப்பகுதி மட்டும் நீரில் படுமாறு சிறு குவளைகளின் வாயில் அமர்த்துங்கள். பத்து, முப்பது, அறுபது மடங்கு நீர்த்த சாற்றில் சில வெங்காயங்களும், வெறும் நீரில் சில வெங்காயங்களும் இருக்கட்டும். சாறு கலக்கிய அதே நீரையே வெறும் நீராகவும் வைக்க வேண்டும். வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பே வேரைக் குன்றச் செய்யும், பழி இலைமேல் விழும். சாற்றை நாள்தோறும் புதிதாக மாற்றுங்கள். புளித்த சாற்றில் வேர் அழுகினால் அது இலையின் நஞ்சால்தானா என்று சொல்ல இயலாது.

மூன்றாம் நாள் வேரின் நீளத்தை அளந்து, நுனியையும் பாருங்கள். நல்ல நுனி வெண்மையாக, நிமிர்ந்து இருக்கும். பழுப்பேறி, தடித்து, கொக்கிபோல் வளைந்திருந்தால், நீளம் குறையாவிட்டாலும் அந்தச் செறிவை ஒதுக்கிவிடுங்கள். தேறிய செறிவை ஈரத்துணியில் கட்டிய உளுந்து விதையிலும் பாருங்கள், ஏனெனில் வெங்காயம் தாங்குவதை உளுந்து தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. கொழுந்திலை, முற்றிய இலை, பருவம் ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் வீரியம் மாறுவதால், புதிதாக இலை பறிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.